வந்தவர் வயிறும் நிறையும், வைத்தவர் இடுப்பும் ஒடியாது: பினாங்கு விருந்து ரகசியங்கள் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் பத்துப் பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் சனிக்கிழமையே உங்கள் இடுப்பு ஒடிந்துவிடுகிறதா? வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து, சோறு குழைந்துவிடுமோ என்று அடுப்படியிலேயே நின்று, கடைசியில் வந்தவர்களோடு பத்து நிமிடம்கூட உட்கார்ந்து பேச முடியவில்லையா? அப்படியானால் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு ஒரு நடை போய்வருவோம், வாருங்கள்!

1786-ல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இறங்கிய நாளிலிருந்து, தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுன் பல ஊர்களிலிருந்து வந்தவர்களின் ஊர். தமிழர், மலாய்க்காரர், சீனர் என எல்லாரும் ஒரே தெருவில் கடை போட்டு, ஒரே தெருவில் சாப்பிட்டார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்கள் கடைசியில் சாப்பாட்டு மேசையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பலரைக் கூட்டி வைத்து, பதற்றமில்லாமல் சாப்பிடுவது எப்படி என்பதில் இந்த ஊர் கெட்டிக்கார ஊர்.

அழைப்பிதழே இல்லாத விருந்து தெரியுமா?

தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ். எந்தப் பண்டிகை வந்தாலும் மலேசியாவில் ‘திறந்த இல்ல உபசரிப்பு’ உண்டு. பண்டிகை கொண்டாடும் வீட்டின் கதவு திறந்தே இருக்கும். நண்பர் வரலாம், நண்பரின் நண்பரும் வரலாம். அலுவலகத் தோழர், பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் ஆசிரியர் என்று ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். மாநில அரசும் அமைச்சர்களும்கூடப் பொதுமக்களுக்குத் திறந்த இல்ல உபசரிப்பு நடத்துகிறார்கள்!

இதில் இருக்கும் சூட்சுமத்தைக் கவனித்தீர்களா? பந்தி கிடையாது. காலையிலிருந்து மாலை வரை நேரம் விரிந்து கிடக்கிறது. வந்தவர் முறுக்கைக் கடித்து, தட்டில் கொஞ்சம் சோறும் கறியும் போட்டுக்கொண்டு, அரை மணி பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஐம்பது பேர் வந்தாலும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பவர் பத்துப் பேர்தான். சின்ன வீட்டிலும் பெரிய விருந்து நடப்பது இப்படித்தான்!

காலைப் பசியாறல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது தெரியுமா?

மலேசியத் தமிழர்கள் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, “பசியாறியாச்சா?” அந்தப் பசியாறலுக்கு உலக அங்கீகாரமே கிடைத்துவிட்டது! 2024 டிசம்பரில், பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவமான பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், நம் பரோட்டாவின் தம்பியான ரொட்டி சானாய், இழுத்து ஊற்றும் தேநீரான தே தாரேக் மூன்றும் அதன் நாயகர்கள். பட்டியலில் இடம் பிடித்தது தனி ஒரு பலகாரமா? அதுதான் இல்லை! பல இனத்தார் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பசியாறும் வழக்கம்தான் சிறப்பிக்கப்பட்டது. அண்டை நாடான சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020-லேயே இந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டது.

ஒரே மேசைக்கு ஐந்து கடைச் சாப்பாடு தெரியுமா?

ஜார்ஜ் டவுன் கோப்பிக் கடைக்குள் நுழைந்தால் முதலில் தலை சுற்றும். ஒரே கூரை, உள்ளே ஏழெட்டு ஒட்டுக்கடை. ஒருவர் மீ நூடுல்ஸ் பொரிக்கிறார், இன்னொருவர் லக்சா ஊற்றுகிறார், மூலையில் ஒருவர் அப்பம் சுடுகிறார். கடைக்காரருக்குச் சொந்தமானது பெரும்பாலும் பானம் மட்டும்தான். மற்றவர்கள் அவரிடம் வாடகைக்கு இடம் பிடித்தவர்கள். அதனால் நீங்கள் எந்தக் கடையில் சாப்பாடு வாங்கினாலும் பானம் மட்டும் கடைக்காரரிடம் சொல்வது மரியாதை. சொல்லாவிட்டால் சில கடைகளில் சில்லறை கூடுதலாக வாங்குவதும் உண்டு!

நண்பர்கள் ஆறு பேர் போனால் ஆறு பேருக்கும் ஆறு விதச் சாப்பாடு. யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தட்டுகள் மட்டும் மேசை நடுவுக்கு வரும், கைகள் குறுக்கும் நெடுக்கும் போகும். மேசைகள் நிரம்பினால் கடை முன்னாலிருக்கும் ‘அஞ்சடி’ நடைபாதையில் நாற்காலி போடுவார்கள். அங்கேயும் இடமில்லையா? தெருவோரம் இருக்கிறதே!

தோளில் தொங்கி வந்த விருந்து தெரியுமா?

பினாங்கின் பெருமையான நாசி கண்டார் யாருடைய கைவரிசை? நம் தமிழ் முஸ்லிம்களுடையது! ராமநாதபுரம், கடையநல்லூர் வட்டாரங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள், மூங்கில் கம்பின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறிச் சட்டிகளையும் கட்டித் தோளில் சுமந்து, துறைமுகக் கூலிகளுக்கு விற்றார்கள். கடைதான் பசித்தவனைத் தேடிப் போனது. கேம்பல் தெருவில் 1907-ல் தொடங்கிய ஹமீதியா, நாட்டின் மிகப் பழைய நாசி கண்டார் கடை என்று பெயர் பெற்று இன்றும் நடக்கிறது. நூறு ஆண்டு தாண்டியும் வாசலில் வரிசை!

அங்கே சோற்றின் மேல் ஒரே குழம்பு ஊற்றினால் நாசி கண்டார் ஆகாது. கோழிக் குழம்பிலிருந்து ஒரு கரண்டி, மீன் குழம்பிலிருந்து ஒரு கரண்டி, இறைச்சிக் குழம்பிலிருந்து ஒரு கரண்டி. எல்லாம் ஒன்றோடு ஒன்று ஓடிக் கலக்க வேண்டும். “பஞ்சிர்!” என்று சொன்னால் போதும், மலாய் மொழியில் வெள்ளம் என்று பொருள், தட்டில் வெள்ளம் வந்துவிடும்! பரிமாறுகிற அண்ணன் எதை எவ்வளவு கலக்கிறார் என்பதுதான் கடையின் கைராசி. நள்ளிரவுக்குப் பிறகும் நாசி கண்டார் கடைகளில் நண்பர் கூட்டம் குறையாது.

குச்சியை எண்ணிக் காசு வாங்கும் கடை தெரியுமா?

அந்தக் கடைக்குப் பெயர் லோக் லோக். நடுவில் கொதிக்கும் தண்ணீர்ப் பானை. சுற்றிலும் மீன் உருண்டை, இறால், கணவாய், காடை முட்டை, காளான், கீரை எல்லாம் மூங்கில் குச்சிகளில் குத்தி அடுக்கியிருக்கும். பிடித்ததை எடுத்துப் பானையில் முக்கி, வெந்ததும் கச்சான் (நிலக்கடலை) சாந்திலோ மிளகாய்ச் சாந்திலோ தோய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். முன்பின் தெரியாதவரும் அதே பானையில் குச்சியை விடுவார். “உங்க இறால் வெந்துருச்சு பாருங்க” என்று பேச்சும் தொடங்கிவிடும்.

கணக்கு எப்படி? குச்சியின் முனையில் நிறம் பூசியிருக்கும். நிறத்துக்கு ஒரு விலை. சாப்பிட்டு முடித்ததும் காலிக் குச்சிகளை நிறவாரியாக எண்ணி எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லிவிடுவார்கள். சமையல்காரரும் வேண்டாம், பரிமாறுபவரும் வேண்டாம்! வீட்டிலும் இதைச் செய்யலாம். மேசை நடுவில் ஒரு மின்சார அடுப்பு, ஒரு பானைச் சாறு, நறுக்கிய காய்களும் குச்சிகளும். சமைப்பது விருந்தாளிகளின் வேலை, வேடிக்கை பார்ப்பது உங்கள் வேலை!

கத்திச் சத்தம் கேட்டால் பசெம்போர் வருகிறது என்று தெரியுமா?

கடற்கரைத் திடலான பாடாங் கோத்தா லாமா பக்கம் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் பொரியல் மலை! இறால் வடை, தவ்ஹு (டோஃபு), அவித்த முட்டை, கணவாய், உருளைக்கிழங்கு. வேண்டியதைத் தட்டில் எடுத்து நீட்டினால், தமிழ் முஸ்லிம் கடைக்காரர் அகலக் கத்தியால் தடதடவென்று நறுக்கி, வெள்ளரிக்காயும் சீனக் கிழங்கும் துருவிப் போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் கெட்டியாக்கிய இனிப்புக் காரக் குழம்பை ஊற்றித் தருவார். ஆளுக்கொரு தட்டு வாங்குவதைவிட, பெரிய தட்டாக ஒன்று வாங்கி நான்கு முள்கரண்டிகளோடு நடுவில் வைப்பதுதான் சுவை.

லக்சாவுக்குள் நம் குடம்புளியின் சொந்தக்காரர் இருப்பது தெரியுமா?

2011-ல் சிஎன்என் வெளியிட்ட உலகின் மிகச் சுவையான 50 உணவுகள் பட்டியலில் பினாங்கு அசாம் லக்சாவுக்கு 7ஆம் இடம்! தேங்காய்ப்பால் இல்லாத, மீன் உதிர்த்துப் போட்ட புளிச் சாறு அது. அந்தப் புளிப்புக்கு அவர்கள் போடும் காய்ந்த துண்டுகள் ‘அசாம் கெலுகோர்’ என்ற மரத்தின் பழம். கேரளமும் குமரியும் மீன் குழம்பில் போடும் குடம்புளியும் இதுவும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை! மேலே இஞ்சிக் குடும்பத்துப் பூவான புங்கா கந்தானும் புதினாவும், கூடவே ஒரு கரண்டி கறுத்த இறால் பசையும். நம் ஊர் மீன் குழம்புக்காரர்களுக்கு முதல் வாயிலேயே ஏதோ தெரிந்த முகம் தட்டுப்படுவதில் ஆச்சரியம் என்ன!

தேநீரை ஏன் அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள் தெரியுமா?

வித்தை காட்டவா? அதுவும்தான். ஆனால் காரணம் இருக்கிறது. ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு நீளமாக இழுத்து ஊற்றும்போது தேநீர் காற்றில் விரிந்து வேகமாகச் சூடு குறைகிறது. அடியில் தங்கும் கெட்டிப்பால் முழுதாகக் கலக்கிறது. பால்புரதம் காற்றைப் பிடித்து நுரையாக்குகிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், வெப்ப நாட்டில் பசும்பால் நிற்காது, டின்னில் அடைத்த இனிப்புக் கெட்டிப்பால் நின்றது. அந்த நாளின் தேவை இந்த நாளின் ருசியாகிவிட்டது! பக்கத்துக் கோப்பிக் கடையிலோ காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள், துணிப்பையில் வடிப்பார்கள். அதனால்தான் அந்தக் கறுப்பு நிறமும் கருகல் இனிப்பும்.

யாருக்கும் சங்கடம் வராத மேசை எது தெரியுமா?

பினாங்கில் நண்பர் கூட்டம் என்றால் மேசையைச் சுற்றி எத்தனை விதி! முஸ்லிம் நண்பருக்கு ஹலால் வேண்டும். இந்து நண்பர் மாட்டிறைச்சி தொடமாட்டார், சீனர்களிலும் தொடாதவர் பலர் உண்டு. வெள்ளிக்கிழமை சைவம் பிடிப்பவர் ஒருவர். இத்தனை பேரும் ஒரே இடத்தில் உட்கார எங்கே போவது? தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைக்கு! ஹலால் சாப்பாடு, பன்றி கிடையாது, பருப்புக் குழம்போடு ரொட்டி சானாய் கேட்பவருக்கு அதுவும் தயார். பல கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கும். காற்பந்து ஆட்டமென்றால் பெரிய திரை, ஒரு கிளாஸ் தே தாரேக்கோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் நாடெங்கும் சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்கவும் தடை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நிம்மதி!

வீட்டில் விருந்து வைக்கும் தமிழரும் சீனரும்கூட, முஸ்லிம் நண்பர்கள் தயங்காமல் சாப்பிடட்டும் என்று ஹலால் சமையல்காரரிடம் சொல்லி வைப்பதும், புதுத் தட்டு வாங்கி வைப்பதும் அங்கே சாதாரணம். இந்த அக்கறைதான் பினாங்கு விருந்தின் முதல் மசாலா.

நவராத்திரியும் சீனர் சைவ விழாவும் சில ஆண்டுகளில் ஒரே நாளில் தொடங்குவது தெரியுமா?

நம்பவே மாட்டீர்கள்! சீனர்களின் ஒன்பது பேரரசத் தெய்வங்கள் திருவிழா, அவர்களது நாட்காட்டியின் ஒன்பதாம் மாத முதல் நாளில் தொடங்கி ஒன்பது நாள் நடக்கிறது. நம் நவராத்திரியும் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஒன்பது இரவு. 2022-ல் செப்டம்பர் 26, 2023-ல் அக்டோபர் 15, 2024-ல் அக்டோபர் 3. மூன்று ஆண்டும் இரண்டு விழாவும் ஒரே நாளில் தொடக்கம்! ஆனால் 2025-ல் சீன நாட்காட்டியில் ஒரு கூடுதல் மாதம் வந்ததால் இடைவெளி விழுந்தது.

இரண்டும் சேர்ந்து வரும் நாட்களில் பினாங்கு முழுக்க மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும். பட்டர்வொர்த்தின் தாவ் பூ கோங் கோயிலில் கூட்டம் அலைமோதும். தமிழர் வீட்டில் கொலு, சுண்டல். சீனர் தெருவில் சைவ மீ. அசைவக்காரர்கள்கூடச் சைவத்துக்கு மாறிச் சுற்றி வரும் ஒன்பது நாள் அது!

கட்டணமே இல்லாத சாப்பாட்டுத் தெரு தெரியுமா?

தைப்பூசத்துக்குப் பினாங்கு போயிருந்தால் தெரியும். தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலை நோக்கி ஊர்கிறது. 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. வழியெங்கும் மலைமலையாகத் தேங்காய் உடையும், உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம். சாலை ஓரம் நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள்! மோர், சர்பத், சோறு, சாம்பார், பலகாரம். கேட்டவர் யார் என்று பார்க்காமல் நீட்டுகிறார்கள், காசு வாங்குவதில்லை. குடும்பங்கள், நண்பர் குழுக்கள், தொழிலாளர்கள், நிறுவனங்கள் என்று ஆளுக்கொரு பந்தல். ஒருவருக்கு வெட்டு வேலை, ஒருவருக்கு அண்டா, ஒருவருக்குக் குப்பை அள்ளும் பொறுப்பு. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படி ஏறி இறங்கிய கால்களுக்கு இந்தப் பந்தல் நிழல்தான் சொர்க்கம்.

நோன்பு மாதத்திலும் இதே கதைதான். இந்திய முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் மொகிதீன் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி பெரிய அண்டாக்களில் வேகும். மாலையில் பாத்திரத்தோடு வருபவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பார்கள்.

தட்டில் இருப்பதைத் தூக்கி எறிந்தால் வளம் பெருகும் தெரியுமா?

சீனப் புத்தாண்டில் நண்பர்கள் மேசையைச் சுற்றி எழுந்து நிற்பார்கள். நடுவில் ஈ சாங்: துருவிய முள்ளங்கி, கேரட், பச்சை மீன் துண்டு, மொறுமொறு துகள், பிளம் சாந்து. எல்லாரும் ஒரே நேரத்தில் குச்சிகளால் வாரி உயரே தூக்கிக் கலக்க வேண்டும், வாழ்த்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். எவ்வளவு உயரமோ அவ்வளவு வளம்! மேசை குப்பையானால் யாருக்குக் கவலை? இந்த விளையாட்டு இப்போதைய வடிவில் சிங்கப்பூரில் பிறந்ததா, மலேசியாவின் சிரம்பானில் பிறந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கூச்சப்படும் விருந்தாளியையும் ஒரே நிமிடத்தில் சிரிக்க வைக்கும் வழி இது என்பதில் மட்டும் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

வௌவால் இல்லாவிட்டால் டுரியான் விருந்தே இல்லை தெரியுமா?

ஏறக்குறைய ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தீவின் மறுபக்கத்து பாலிக் பூலாவ் மலைத் தோட்டங்களில் டுரியான் விருந்துகள். டுரியான் பூ மாலையில் விரியும், இரவில் மணக்கும். தேன் குடிக்க வரும் வௌவால்கள்தான் பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கின்றன! மலேசியத் தோட்டக்காரர்கள் காயை அறுப்பதில்லை, தானே முற்றி விழட்டும் என்று மரத்தடியில் வலை கட்டிக் காத்திருக்கிறார்கள்.

நண்பர்கள் வட்டமாக உட்கார, தோட்டக்காரர் ஒவ்வொன்றாகப் பிளந்து வைப்பார். இளசான இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடிப்பது ரசிகர் வழக்கம். சாப்பிட்ட கையை டுரியான் ஓட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வாடை போகும் என்பார்கள். ஒரு எச்சரிக்கை: டுரியானோடு மது வேண்டாம் என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் சோதனைக்குழாயில் பார்த்தபோது, மதுவை உடல் கழிக்க உதவும் ஒரு நொதியின் வேலையை டுரியான் சாறு 70 விழுக்காடு வரை மட்டுப்படுத்தியது!

தெருக்கடைச் சமையலுக்கு அரசே காவல் நின்றது தெரியுமா?

உள்ளூர்ச் சுவை கெட்டுவிடக் கூடாது என்று, தெருக்கடைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தலைமைச் சமையல்காரராக நிற்கப் பினாங்கு அரசு 2016-ல் தடை போட்டது. பாத்திரம் கழுவலாம், பரிமாறலாம், வாணலியை மட்டும் உள்ளூர்க் கைதான் பிடிக்க வேண்டும்! 2022 டிசம்பரில் மிஷெலின் வழிகாட்டி முதன்முறையாகப் பினாங்குக்கு வந்தபோது, நட்சத்திரம் பெற்ற இரண்டு உணவகங்களில் ஒன்று, வீட்டுப் பக்குவத்தில் செய்யும் சீன-மலாய்க் கலப்பான நியோன்யா சமையலுக்குப் பேர்போன ‘ஆன்ட்டி கைக் லீன்ஸ்’. நட்சத்திரம் வாங்க வீட்டுச் சமையலே போதும் என்று காட்டிய ஊர் இது.

சரி, நம் வீட்டுக்கு என்ன பாடம்?

பினாங்கில் எந்த விருந்தைப் பார்த்தாலும் ஒன்று புரியும்: வேலை ஒருவர் தலையில் விழுவதில்லை. கோப்பிக் கடையில் கடைக்கு ஒரு சாப்பாடு, பந்தலில் ஆளுக்கொரு பொறுப்பு, லோக் லோக்கில் அவரவர் குச்சி. அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வருபவர் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்லுங்கள். சோறும் பானமும் மட்டும் உங்கள் பொறுப்பு. “மதியம் 12 முதல் மாலை 5 வரை எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்” என்று நேரத்தை விரித்துவிடுங்கள். தட்டு போதவில்லை என்றால் வாழையிலை இருக்கிறது. நாற்காலி போதவில்லை என்றால் பாய் இருக்கிறது. நடுவில் எல்லாரும் கை வைக்கும்படி ஒரு பெரிய தட்டு இருக்கட்டும், பேச்சு தானாக வரும். மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புங்கள், பாத்திரம் தேய்க்கும் வேலையும் பாதியாகும்.

அழைக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்டுவிடுங்கள்: “நீங்கள் எதைச் சாப்பிட மாட்டீர்கள்?” பதிலைக் குறித்துக்கொண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே நான்கு பேரைக் கூப்பிடுங்கள்!